ஓடுபாதைக்கு வெளியே

குமாரபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் தேவிப்ரியா பந்தியில் கடைசி வரிசையாகப் பார்த்து உட்காருவாள். அப்படியும் தப்ப முடியாது. இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏம்புள்ள, ஏர்ப்போர்ட்டு கட்டறியாமா?"

"ஏர்ப்போர்ட்டு இல்லீங்க சித்தப்பா. ரன்வேக்கு ரெண்டு பக்கமும் இருக்குதுல்ல நெலம், அதுக்குத்தான் டிசைன் பண்றேன்."

"நெலத்துல என்ன சாமி டிசைனு? புல்லுத்தான மொளைச்சுக் கெடக்குது?"

பந்தியே சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் கணவன் இளவழகனிடம் பொரிந்து தள்ளுவாள். சேலம் ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறவன் அவன். சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் குடியிருப்பு. "எங்க சிக்னல் ஒழுங்கா வேலை செஞ்சா மட்டும் எவன் தேவி நன்றி சொல்றான்?" என்பான். அவளுக்கு அந்தச் சமாதானம் பத்தாது.

சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். அப்பா விசைத்தறி ஓட்டியவர். பக்கத்துப் பட்டறைக்காரர் சாயத் தண்ணீரை ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் திறந்துவிடுகிறார் என்று தெரிந்து, பள்ளிக்கூட யூனிபார்மோடு அவர் வாசலில் போய் நின்று கத்தியவள். அப்பா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. சிவில் இன்ஜினியரிங் படித்து, கோயம்புத்தூரில் விமான தளங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது, இனிமேலாவது அமைதியாகிவிடுவாள் என்று வீட்டில் நினைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அது பொய்யாகிப் போனது.

வெளி மாநிலத்தில் ஒரு சின்னத் தளம். பயிற்சி விமானம் ஒன்று இறங்கும்போது பக்கவாட்டுக் காற்று தள்ளி, ஓடுபாதையை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டது. அதில் ஒன்றும் பெரிய விபரீதமில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்து இன்னும் கொஞ்ச தூரத்தில் தானாக நின்றிருக்கும். ஆனால் வழியில் யாரோ ஒரு கான்கிரீட் தொட்டி கட்டி, அதன் விளிம்பை ஒரு முழம் தரைக்கு மேலே விட்டிருந்தார்கள். முன்சக்கரம் அதில் இடித்து ஒடிந்து, விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. ஓட்டிய பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. பிழைக்கவில்லை. விசாரணையில் ஓட்டியவரின் பிழை என்று முடித்துவிட்டார்கள். தொட்டியைக் கட்டியவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தேவிப்ரியா அந்த இடத்தை அளக்கப் போனவள். தொட்டி விளிம்பில் சக்கரத்தின் ரப்பர் கறுப்பாக ஒட்டியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஓடுபாதைக்கு வெளியே இருக்கும் மண்தான் அவளுடைய வேலை. வழி தவறி வருகிற விமானத்தை அந்த மண் தாங்க வேண்டும். ரொம்ப இளகியிருந்தால் சக்கரம் புதைந்து கவிழ்ந்துவிடும். மேடு பள்ளம் இருந்தால் சக்கரத்தின் கால் ஒடியும். மழைத் தண்ணீர் நிற்காமல் ஓட ஒரு சரிவு வேண்டும், அந்தச் சரிவே அதிகமானாலும் ஆபத்து. அங்கே நிற்கும் பலகையும் விளக்கும் மோதினால் பலகைதான் ஒடிய வேண்டுமே தவிர விமானம் ஒடியக் கூடாது. இதையெல்லாம் யோசித்து வரைந்து, கட்டி முடித்தபின் பார்த்தால் என்ன தெரியும்? வெட்டிவிட்ட புல். வெறும் தரை. அதைப் பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் அங்கே எதையாவது கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று கை அரிக்கும். ஒருத்தர் கொடிக்கம்பம் என்பார், ஒருத்தர் சோலார் தகடு என்பார். திறப்பு விழாப் பந்தலுக்குக் கால் நடக் குழி பறிக்கலாமா என்று கேட்டவரும் உண்டு.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே வெள்ளைப்பாறைக்காடு என்ற ஊரில் பயிற்சி விமானங்களுக்கு ஒரு தளம் இருந்தது. அதை நீட்டி அகலமாக்கி, சின்னப் பயணிகள் விமானமும் இறங்கும்படி செய்கிற வேலை வந்தபோது, சேலத்து வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று தேவிப்ரியா கேட்டு வாங்கிக்கொண்டாள். ஓரத்து நிலத்துக்காகக் கடலைக்காடும் மரவள்ளிக்காடுமாக நிறையப் பட்டா நிலத்தை எடுத்திருந்தார்கள். அதில் ஒரு கிணறும் அடக்கம். இந்தப் பக்கத்துக் கிணறுகள் தெரியுமே, எட்டிப் பார்த்தாலே அடிவயிறு கூசுகிற ஆழம். ஓடுபாதையின் ஓரத்தில் அப்படி ஒரு கிணறு இருந்தால் அதை மூடுவது விளையாட்டு வேலையில்லை. தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, அடியில் கருங்கல் போட்டு, மேலே நல்ல கிராவல் மண்ணை மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கிக்கொண்டே வர வேண்டும். தேவிப்ரியா வரைந்து கொடுத்தது அப்படித்தான்.

வேலையை எடுத்திருந்த காண்ட்ராக்ட் கம்பெனியின் மேனேஜர் முருகானந்தம் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மடிப்புக் கலையாத சட்டை, எல்லாரையும் தட்டிக்கொடுத்துப் பேசுகிற சுபாவம்.

"மேடம், சும்மா புல்லு மொளைக்கிற எடத்துக்கு இவ்வளவு வேணுங்களா? ரன்வேய நாங்க கல்லு மாதிரி போட்டுத் தர்றோம். அதைப் பாருங்க."

"ரன்வேல ஓடறப்ப ஒண்ணும் ஆகாது சார். வெளிய வந்தாத்தான் பிரச்சினை. வரைஞ்ச மாதிரி பண்ணுங்க."

"பண்ணிட்டாப் போச்சு" என்றார்.

அடுத்து அவள் வந்தபோது கிணறு இருந்த இடமே தெரியவில்லை. செம்மண் பரப்பி, புல்லும் பதித்திருந்தார்கள். எல்லாம் வரைந்தபடியே என்றார் முருகானந்தம். மண்ணைச் சோதித்த அறிக்கையையும் காட்டினார். தேவிப்ரியா மேலே நடந்து பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. நம்பினாள்.

மதியம் வேலியோரமாக வண்டிக்கு நடந்து வந்தபோது ஒரு அம்மா கூப்பிட்டார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நின்றிருந்தார். தலையில் துண்டு, வெயிலில் சுருங்கிய கண்கள்.

"ஏனுங்க, நீங்கதான் இங்க இன்ஜினியருங்களா?"

"ஆமாங்க."

"நா சௌந்திரம். நீங்க மூடுனீங்களே கெணறு, அது எங்களுது. ஏனுங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதுங்களா?"

நிலத்தைக் கொடுத்தவர்கள் திட்டுவது தேவிப்ரியாவுக்குப் புதிதில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். சௌந்திரம் விடவில்லை.

"எடுக்கறப்ப என்ன சொன்னாங்க? ஏரோப்ளேன் தப்பி வந்தாலும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாத மாதிரி நெலத்தப் பண்ணி வெப்போம்னாங்க. உசுரு காக்கற காரியம்னு சொன்னதாலதான் எங்கூட்டுக்காரரு வாயத் தொறக்காம ஒப்புக்கிட்டாரு. அதுல கொண்டாந்து குப்பையக் கொட்டி மூடறீங்களே! எங்க குலதெய்வத்துக்குத் தண்ணி மொண்ட கெணறுங்க அது!"

"குப்பையா? என்ன குப்பைங்க?"

"என்ன குப்பைன்னு என்னையவே கேக்கறீங்களா? இடிச்ச செங்கல்லு, காலி தார் டின்னு, சிமெண்டுச் சாக்கு, வெட்டிப்போட்ட வேலாமுள்ளு. லாரி லாரியாக் கொட்டுனாங்க. தண்ணியக்கூட எறைக்கல. கொட்டக் கொட்ட டின்னெல்லாம் மெதந்துச்சு. நா இந்த வேலிக்கிட்ட நின்னு அழுதுட்டிருந்தேன். மேல கொஞ்சம் மண்ணத் தூவிப் புல்ல நட்டுட்டுப் போயிட்டாங்க."

தேவிப்ரியா திரும்பி அந்தப் புல்லைப் பார்த்தாள். எந்த மண்ணின் மேல் சற்று முன் நடந்து 'சரியாக இருக்கிறது' என்று நினைத்தாளோ, அதற்கடியில் முள்ளும் டின்னும் தண்ணீரும். இரண்டு மழை பெய்தால் உள்ளுக்குள் இறங்கத் தொடங்கும். மேலே புல் பச்சையாக இருக்கும்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

"தெரியாதுன்னா அப்பறம் எதுக்கு நீங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு சௌந்திரம் ஆடுகளைத் திருப்பினார்.

அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. விறுவிறுவென்று முருகானந்தத்தின் தகரக் கொட்டகைக்குப் போனாள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"கெணத்துல என்ன போட்டீங்க?"

"மேடம், சாப்பிட்டீங்களா?"

"என்ன போட்டீங்கன்னு கேட்டேன்."

முருகானந்தம் மூடியை வைத்தார். "ஆடு மேய்க்கறவங்க பேச்சக் கேட்டுட்டு வர்றீங்க. நெலம் போன வயித்தெரிச்சல்ல ஆயிரம் சொல்லுவாங்க. ரிப்போர்ட்டு உங்க கையிலதான இருக்குது?"

"ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டவன் அந்தக் கெணத்துப் பக்கம் வந்தானா சார்?"

"நீங்க ஓவராப் போறீங்க. அது ரன்வே இல்ல. நல்லா ஓட்டறவன் எவனும் அங்க வரப்போறதில்ல."

அப்போது அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நல்லா ஓட்டுகிறவன் வர மாட்டானாம். அப்படியென்றால் தடுமாறுகிறவன் செத்துப் போகலாம் என்றுதானே அர்த்தம்? பழகுகிற பிள்ளைகளுக்காகவே கட்டுகிற தளத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த மனுஷன் இப்படிப் பேசுகிறார். டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டிருப்பாள். அடக்கிக்கொண்டு வெளியே வந்து, கோயம்புத்தூரில் இருக்கும் தன் மேலதிகாரி வீரபாகுவுக்குப் போன் செய்தாள்.

வீரபாகு பொறுமையாகக் கேட்டார். பிறகு, "திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சும்மா. இந்த நேரத்துல கிணத்தைத் தோண்டுன்னா யார் ஒத்துக்குவாங்க? கண்காணிப்புல வைக்கலாம்னு எழுதிட்டு விடு. நீ டிசைன்தான. உன் பக்கம் தப்பில்லை" என்றார்.

"என் பக்கம் தப்பில்லைன்னு சொல்றதுக்காகவா சார் நான் வேலை பாக்கறேன்?"

"கத்தாதம்மா."

"கத்தாம எப்படிச் சொல்றது?"

மறுபக்கம் போன் வைக்கப்பட்டது. அன்று வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். இளவழகன் ஒன்று மட்டும் கேட்டான்: "அந்த மண்ணு தாங்காதுன்னு எல்லாரும் பாக்கற மாதிரி காட்ட வழியில்லையா?"

வழி இருந்தது. அவள் கண்டுபிடித்த வித்தையுமில்லை. பாரம் ஏற்றிய லாரியை மெதுவாக ஓட்டிப் பார்ப்பது எங்கேயும் வழக்கத்தில் உள்ள சோதனைதான். ஒப்பந்தத்திலும் இருந்தது. ஆனால் நல்ல இடமாகப் பார்த்து ஓட்டிக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். அனுமதி தருவதற்கு முன் பார்வையிட விமானத்துறை அதிகாரிகள் வருகிற நாளில், அவர்கள் முன்னாலேயே முழு நிலத்திலும் ஓட்ட வேண்டும் என்று தேவிப்ரியா எழுதிக் கேட்டாள். முருகானந்தத்தால் மறுக்க முடியவில்லை.

டிப்பர் லாரி ஓட்டியவர் செங்கோட்டையன். நாமக்கல்காரர், ஊர் ஊராக லோடு அடித்துவிட்டு ஓய்வாக இருக்கலாமென்று இந்த வேலைக்கு வந்தவர். கிணற்றில் இருப்பது என்ன என்பதைத் தேவிப்ரியா அவரிடம் மறைக்கவில்லை.

"அண்ணா, ரிவர்ஸ்லதான் போகணும். லோடு இருக்கற பின்னாடி சக்கரம் மட்டும் அந்த மண்ணு மேல ஏறட்டும். நீங்க உக்காந்திருக்கற பக்கம் கெட்டித் தரையிலயே இருக்கணும். கதவத் தொறந்தே வெச்சுக்கோங்க. முன்னாடி பொக்லைன்ல இரும்புக் கயிறு கட்டியிருக்கும். உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேண்டாங்க."

செங்கோட்டையன் புல்லைப் பார்த்தார், கொட்டகைப் பக்கம் பார்த்தார். "மலைப் பாதையெல்லாம் ஓட்டியாச்சுங்க மேடம். தெரிஞ்சே ஏமாத்தறவனுக்கு லோடு அடிச்சதுதான் எனக்கு அசிங்கமா இருக்குது. கயித்த நல்லாக் கட்டச் சொல்லுங்க."

அதிகாரிகள் குடைக்கடியில் நின்றிருந்தார்கள். லாரி ஓரத்து நிலத்தில் நீளமாகப் போய் வந்தது. சக்கரத் தடம்கூடச் சரியாகப் பதியவில்லை. முருகானந்தம் எல்லாருக்கும் மோர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "போதுமே, வெயிலா இருக்குது" என்றார்.

"இன்னும் ஒரு இடம் இருக்குங்க" என்றாள் தேவிப்ரியா.

லாரி திரும்பி, பின்பக்கமாக ஊர்ந்தது. பின்சக்கரங்கள் புல்லின் மேல் ஏறின. முதலில் ஒன்றுமில்லை. பிறகு தரைக்குள்ளே யாரோ தகரத்தை மிதித்த மாதிரி ஒரு சத்தம். சக்கரத்தைச் சுற்றி வட்டமாக விரிசல் ஓடியது. அடுத்த கணம் லாரியின் பின்பக்கம் மடமடவென்று அச்சு வரை இறங்கி, மூக்கு வானத்தைப் பார்த்தது. இரும்புக் கயிறு விறைத்தது. செங்கோட்டையன் திறந்த கதவு வழியாகக் கெட்டித் தரையில் குதித்தார். பிளந்த செம்மண்ணுக்குள்ளிருந்து நசுங்கிய டின்னும், சிமெண்டுச் சாக்கும், அழுகின முள்ளின் நாற்றமும் மேலே வந்தன.

அதிகாரிகள் மோர் டம்ளரைப் பிடித்தபடி நின்றார்கள்.

வெற்றி பெற்ற சந்தோஷம் வரும் என்று தேவிப்ரியா எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. முருகானந்தத்தின் முன்னால் போய் நின்றாள்.

"லாரிய நாங்க கட்டி வெச்சிருந்தோம் சார். விமானத்த யாரு கட்டி வெப்பா?"

அதிகாரிகளில் மூத்தவர் கிணற்றை முழுக்கத் தோண்டி, வரைந்தபடி மூடும் வரை அனுமதி இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

தோண்டினார்கள். டின்னும் முள்ளும் வெளியே வந்து மலைபோல் குவிந்தன. ஒவ்வொரு அடுக்கும் போடும்போது தேவிப்ரியா பக்கத்தில் நின்றாள். இந்த முறை எந்த அறிக்கையையும் அவள் நம்பத் தயாராக இல்லை. கடைசி அடுக்கு இறுகி முடிந்த வாரம் வீரபாகு கூப்பிட்டார். தளத்துக்கு வரைபடம் கேட்ட வாடிக்கையாளர் வருத்தப்படுகிறார் என்றார். ஒப்பந்தக்காரர்களோடு ஒத்துப்போகத் தெரியவில்லை என்று அவளைப் பற்றிப் புகார் வந்திருக்கிறதாம். வெள்ளைப்பாறைக்காட்டுக்கு இனிமேல் வேறு ஆள் போவார்.

"அவங்க பண்ணுன வேலைக்கு எனக்குத் தண்டனையா சார்?"

"தண்டனைன்னு யார் சொன்னா? ஓய்வுன்னு வச்சுக்கோ."

திறப்பு விழாவை அவள் போனில்தான் பார்த்தாள். முருகானந்தத்துக்கு மேடையில் சால்வை போட்டார்கள். கட்டுமானத்தின்போது பலவீனமான ஓர் இடத்தைத் தங்கள் கம்பெனியே சோதனை செய்து கண்டுபிடித்துச் சரிசெய்ததாக அவர் மைக்கில் சொன்னார். கைதட்டல் கேட்டது. தேவிப்ரியா போனைச் சோபாவில் விட்டெறிந்தாள்.

வைகாசியில் ஒரு நாள் புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம் அந்தத் தளத்தில் ஒரு பயிற்சி விமானம் இறங்கியது. ஓட்டியவள் ஷாலினி என்ற பெண், கல்லூரி முடித்தவுடன் பயிற்சிக்குச் சேர்ந்தவள். தரையைத் தொட்டதும் ஒரு டயர் வெடித்தது. விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடுபாதையை விட்டு வெளியே போனது. கிணறு இருந்த பக்கம்கூட இல்லை, எதிர்ப்பக்கம். புல்லில் ஓடியது, குலுங்கியது, வேகம் குறைந்து நின்றது. ஷாலினி கதவைத் திறந்து இறங்கி, நடந்தே வந்தாள். ஒரு கீறல் இல்லை.

மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகச் செய்தி: பயிற்சி விமானம் விபத்து, அதிர்ஷ்டவசமாகப் பெண் விமானி உயிர் தப்பினார்.

தேவிப்ரியா பேப்பர் ஆபீஸுக்கே போன் செய்தாள். எடுத்தவர் அந்தச் செய்தியை எழுதியவர்தான்.

"அதிர்ஷ்டம்னு எழுதியிருக்கீங்க. அது அதிர்ஷ்டம் இல்லைங்க. வெளிய வந்தா நிக்கணும்னே அந்த மண்ண அப்படிப் பண்ணி வெச்சிருக்கோம்."

"சரிங்க மேடம். ஆனா விமானம் நின்னுடுச்சே, அதுல எழுதறதுக்கு என்ன இருக்குது?"

"நின்னதுதாங்க செய்தி!"

"யாராச்சும் தப்புப் பண்ணியிருந்தாச் சொல்லுங்க, போடறோம்" என்றார் அவர். தப்புச் செய்தவர் சால்வையோடு வீட்டில் இருக்கிறார். அதை எழுதுவீர்களா என்று கேட்டாள். ஆதாரம் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இளவழகனின் பைக்கை எடுத்துக்கொண்டு வெள்ளைப்பாறைக்காட்டுக்குப் போனாள். தளத்துக்குள் அவளுக்கு வேலையில்லை. சௌந்திரத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். விமானம் வெளியே வந்ததையும், புல்லில் நின்றதையும் அவரும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருந்தார்.

"அந்தப் புள்ள எறங்கி நடந்தத நா பாத்தேன் சாமி. நல்லாருக்கட்டும். ஆனா எனக்கு வயிறு ஆறலீங்க. கெணறு போனது போனதுதான்."

"ஆறச் சொல்லி நா வரலீங்கக்கா."

"அந்த மேனேஜருக்குச் சால்வை போட்டாங்களாமா?"

"போட்டாங்க."

"உங்களுக்கு?"

"என்னையக் கூப்பிடவே இல்லீங்க."

சௌந்திரம் கத்தியைக் கிழங்கில் குத்தி வைத்தார். "இதென்னங்க அநியாயம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "வாங்க சாமி, இங்க வந்து கேளுங்க இந்தப் பொண்ணு சொல்றத" என்று அவர்களையும் கூப்பிட்டார். ஒவ்வொருத்தராக வந்தார்கள். நிலத்தைக் கொடுத்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், லாரி இறங்கியதை வேலியோரம் நின்று பார்த்தவர்கள். தேவிப்ரியா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பந்தியில் சிரித்த மாதிரி அங்கே யாரும் சிரிக்கவில்லை. குப்பையைக் கொட்டியதைச் செல்போனில் படம் எடுத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் காட்டவில்லை என்றார்கள்.

"இப்ப நா கேக்கறேங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அந்தப் படங்களை வாங்கிக்கொண்டு சௌந்திரமும் அவளும் சேலத்துக்கு ஒரே பஸ்ஸில் போய், அந்தப் பேப்பர் ஆபீஸ் படியேறினார்கள். வழியெல்லாம் சௌந்திரம் அவளைத் திட்டிக்கொண்டேதான் வந்தார், திறப்பு விழா அன்றைக்கே போய் மேடை ஏறி மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டாமா என்று.